மறுப்பவர் கையொப்பம்

பழையாறு துறைமுகத்து ஐஸ் பேக்டரியில் வேலை பார்க்கிறவர்கள் மத்தியானம் ஆனதும் குளிர் விட வெளியே வந்து கொஞ்ச நேரம் வெயில் காய்வார்கள். தென்னவன் மட்டும் வரமாட்டான். ஐஸ் பார்களை அடுக்கி வைக்கிற அறைக்குள்ளேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, குழையப் பிசைந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டு முடிப்பான். வயது முப்பத்தெட்டு. தலையில் பெயருக்குக் கொஞ்சம் பூனைமுடி. வாயில் சொந்தப் பல் இரண்டே இரண்டு, அதுவும் கூம்பு கூம்பாக. மற்றதெல்லாம் கட்டின பல். உடம்பில் ஒரு சொட்டு வியர்வை வராது. வியர்க்காத உடம்பு சூட்டை வெளியே விடத் தெரியாமல் தவிக்கும் என்பதால், வெளியே போனால் ஈரத்துண்டு இல்லாமல் போக மாட்டான்.

கேட்கிறவர்களுக்கு அவனிடம் எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும். "எனக்கென்னங்க, வேர்வை நாத்தம் கிடையாது, பல்லுவலி கிடையாது. ரெண்டும் உங்களுக்குத்தான்" என்பான். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டே சிரிப்பான். ஊருக்கே தெரிந்த சிரிப்பு அது.

அன்றைக்கு அவனைத் தேடிக்கொண்டு சபீனா வந்தாள். மரபு நோய்களுக்கான அரசு ஆலோசகர். துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஐஸ் அறைக்குள் ஒரு கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"உங்க தங்கச்சி நிறைமதியோட ரிசல்ட் வந்துடுச்சு சார். வயித்துல இருக்கற குழந்தைக்கும் உங்களுக்கு இருக்கறதே இருக்கு."

தென்னவன் சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்தான். "மதி நல்லாத்தானே இருக்கா. ரெண்டு பல்லு கம்மி, அவ்வளவுதான்."

"பொண்ணுங்ககிட்ட அந்த ஜீன் ரெண்டு பிரதி இருக்கும். ஒண்ணு பழுதானா இன்னொண்ணு சமாளிச்சுக்கும். பசங்களுக்கு ஒண்ணுதான், அம்மா குடுக்கறது. குழந்தை ஆணா பொண்ணானு நான் சட்டப்படி சொல்லக் கூடாது. பழுது முழுசா இருக்குனு மட்டும் சொல்லலாம்."

சொல்லக் கூடாததைச் சொல்லாமலே அவள் சொல்லிவிட்டாள். மருமகன்தான் வரப்போகிறான் என்று தென்னவனுக்கு ஒரு நொடி சந்தோஷம் வந்தது. வந்த வேகத்திலேயே போயும்விட்டது. இப்போதெல்லாம் சித்திரையில் நாற்பத்தாறு, நாற்பத்தேழு டிகிரி. அவன் பிறந்த காலத்து வெயில் இல்லை இது. போன கோடையில் இந்தக் குறையோடு பிறந்த ஒரு குழந்தை காரைக்கால் பக்கம் ஏழு மாதத்தில் இறந்துபோனதைச் செய்தியில் பார்த்திருந்தான். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

"ஊசி இருக்குனு சொன்னாங்களே?"

"இருக்கு. பல்லு, முடி, வேர்வைச் சுரப்பி மூணும் ஒரே தோல்லேர்ந்து முளைக்கறதுதான் சார். கரு வளரும்போது ‘இங்க முளை’னு அந்தத் தோலுக்கு ஒரு தகவல் போகணும். உங்க குடும்பத்துல அந்தத் தகவல் போகறதில்ல. தோலு காத்துக்கிட்டே இருந்துட்டு மூடிக்கும். அதுக்கு முன்னாடி பனிக்குடத்துக்குள்ள அந்தத் தகவல நாம ஊசில குடுக்கறோம். குழந்தை அதக் குடிச்சுடும். இருபத்தாறாவது வாரத்துல ஆரம்பிக்கணும். தள்ளிப்போனா பிரயோஜனம் இல்ல."

"இப்ப எத்தனாவது வாரம்?"

"இருபத்தஞ்சு. அதனாலதான் உங்களத் தேடி ஓடி வந்தேன். நீங்க சாட்சி சொல்லணும்."

சாட்சி கேட்கிற அந்தச் சட்டம் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கருவிலேயே திருத்தலாம் என்று ஆனதும் ஜனங்கள் நோயைத் திருத்துவதோடு நிற்கவில்லை. நிறம் வேண்டும், உயரம் வேண்டும், கன்னத்தில் குழி விழ வேண்டும் என்று வரிசையில் நின்றார்கள். அப்போது மாற்றுத்திறனாளிகள் தெருவுக்கு வந்து ஒரு கேள்வி கேட்டார்கள். எது குறை என்று எங்களைக் கேட்காமல் நீங்களாக எப்படி முடிவு செய்கிறீர்கள்? நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாகத்தான் கருச் சிகிச்சை மன்றம் வந்தது. அதே குறையோடு அதே குடும்பத்தில் வாழ்கிற ஒருவர் மன்றத்தின் முன் வந்து, இது துன்பம்தான் என்று தன் வாயால் சொன்னால்தான் ஊசி. சாட்சியை விலைக்கு வாங்கிய வழக்குகள் வந்தபிறகு, சாட்சியைப் பெற்றவர்களை முன்னால் உட்கார வைத்துத்தான் சொல்ல வேண்டும் என்று ஒரு திருத்தமும் வந்தது.

"கடைசியா ஒண்ணு கேப்பாங்க" என்றாள் சபீனா. "உங்க அம்மா வயித்துல நீங்க இருந்தப்ப இந்தச் சிகிச்சை கிடைச்சிருந்தா, அவங்க அதை ஏத்துக்கிட்டிருக்கணும்னு நினைக்கறீங்களானு. ‘ஆமா’னு சொல்லணும். இழுத்தாக்கூடத் தள்ளுபடி பண்ணிடுவாங்க."

"அப்ப ஏதுங்க ஊசி. இல்லாத ஒண்ணுக்கு ஆமானு சொல்றதுல என்ன கஷ்டம்" என்று தென்னவன் வாயை மூடிச் சிரித்தான்.

அவனுடைய கஷ்டம் வேறு. அம்மா பக்கத்தில் இருக்கும்போது தன் வாழ்க்கையைத் துன்பம் என்று சொல்ல வேண்டும். முப்பத்தெட்டு வருஷமாக அவன் அம்மாவிடம் சொல்லிவந்த ஒரே பொய், ‘நான் நல்லா இருக்கேன்மா’ என்பதுதான்.

அம்மா சுகந்தி அங்கன்வாடியில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. தென்னவனுக்கு முன்னால் அவளுக்கு ஒரு பையன் பிறந்து, பதினோரு மாதத்தில் சித்திரைக் காய்ச்சலில் போய்விட்டான். அதன்பிறகு பிறந்த இவனை அவள் ஈரத்துணிக்குள் வைத்தே வளர்த்தாள். வெயில் நாளில் அரைமணிக்கு ஒருதரம் பள்ளிக்கூடத்து ஜன்னலில் வந்து நிற்பாள். துண்டு காய்ந்திருந்தால் நனைத்துக் கொடுத்துவிட்டுப் போவாள். அங்கன்வாடியில் இதற்காக எத்தனை முறை திட்டு வாங்கினாளோ, கணக்கே இல்லை.

நல்லநாள், கெட்டநாள், ராகுகாலம் எல்லாம் பார்க்கிற அந்த அம்மா இந்த விஷயத்தில் விசித்திரமாக நடந்துகொண்டாள். மாப்பிள்ளை அகிலன் வீட்டார் ஏழாம் மாத வளைகாப்புக்கு நாள் குறிக்க வந்தபோது ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "ஊசி மூணும் போட்டு முடியட்டும். அப்புறம் வளையல் போட்டுக்கலாம். இல்லன்னா போடாமலே இருக்கலாம்" என்றாள். சம்பந்தியம்மாள் முகம் கறுத்துப்போய் எழுந்து போனாள். தென்னவனுக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது, ஆனால் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் சென்னைக்குக் கிளம்பினார்கள். வண்டி கொள்ளிடம் பாலத்தில் ஏறியபோது அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அம்மா பேச்சை நிறுத்தினாள். மகளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, பாலம் முடிகிறவரை ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விசாரணைக்கு ஒரு மணி நேரம் முன்னால், கோப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடச் சொல்லித் தென்னவனிடம் கொடுத்தாள் சபீனா. அவனும் படிக்காமலே போட்டுக்கொண்டு போனான். பதினாலாவது பக்கத்தில் கை நின்றது.

பழுத்துப்போன ஒரு தாளின் நகல் அது. அவன் பிறப்பதற்கு மூன்று மாதம் முந்தைய தேதி. சென்னை மருத்துவமனை ஒன்றில் நடந்த பரிசோதனைச் சிகிச்சைக்கான படிவம். கருவில் இருக்கும் குழந்தைக்கு ஊசி, இருபத்தாறாவது வாரம். கீழே ‘மறுப்பவர் கையொப்பம்’ என்ற இடத்தில் சுகந்தி என்று அம்மாவின் கோணல் எழுத்து. காரணம் என்ற கோட்டின் மேல் அதே எழுத்தில் நாலே சொற்கள். ‘வளைகாப்பு முடிந்தது. ஆறு தாண்டமாட்டேன்.’

தென்னவன் அதை இரண்டு முறை படித்தான். வளைகாப்பு முடிந்த பெண் ஆறு தாண்டக் கூடாது என்பது ஊர் நம்பிக்கை.

"உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன் சார்" என்றாள் சபீனா. அவள் குரல் இறங்கிவிட்டது.

"ஊசி அப்பவே இருந்துச்சா?"

"உலகத்துலயே நாலஞ்சு இடத்துலதான். முதல் குழந்தை தவறினதால உங்க அம்மாவக் கண்டுபிடிச்சுக் கூப்பிட்டிருக்காங்க. மூணு குழந்தைக்குப் போட்டாங்க. மூணு பேரும் இப்ப நல்லா இருக்காங்க."

நாலாவதாகத் தான் இருந்திருக்கலாம் என்பதை அவன் மெல்லத்தான் விளங்கிக்கொண்டான். கோபம் வந்ததா என்றால், வந்தது. ஒரு பாலம். வண்டியில் ஐந்து நிமிஷம். நேற்றுக் காலையில் கடந்துவந்த அதே பாலம். ஆனால் அந்தக் கோபத்தின் பின்னாலேயே பள்ளிக்கூடத்து ஜன்னலில் ஈரத்துண்டோடு நின்ற அம்மாவும் வந்துவிட்டாள். அவளை வைத்துக்கொண்டு எப்படிக் கோபப்படுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அப்புறம்தான் கடைசிக் கேள்வி ஞாபகம் வந்தது. ஆமாம் என்றால், பெற்றவளை அவள் முகத்துக்கு நேரே குற்றவாளி என்று சொன்னதாகும். இல்லை என்றால் மதியின் பிள்ளைக்கு ஊசி கிடையாது.

"இந்தப் பக்கத்தை எடுத்துட முடியுமா மேடம்?"

"பதிவாயிடுச்சு சார்."

"அம்மாவயாவது வெளில உக்கார வைங்க."

"அவங்க இல்லாம விசாரணையே கிடையாது." வேறு வழியில்லாமல் அந்தப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டான்.

மன்றத்தில் மூன்று பேர். நடுவில் டாக்டர் பத்மஜா, தலைவர். ஒரு பக்கம் ஓய்வுபெற்ற நீதிபதி. மறுபக்கம் சக்கர நாற்காலியில் கிரிதரன் என்கிற உறுப்பினர், அந்தச் சட்டத்துக்காகத் தெருவில் போராடியவர்களில் ஒருவர். பின் வரிசையில் அம்மா, மதி, அகிலன்.

முதல் கேள்விகளுக்குத் தென்னவன் பழக்க தோஷத்தில் பதில் சொன்னான். வேலையா, ராஜா மாதிரி வேலை. சாப்பாடா, மெல்லுகிற வேலை மிச்சம். நீதிபதி சிரித்துவிட்டார். கிரிதரன் சிரிக்கவில்லை.

"நல்லா இருக்கேன்னு சொல்றீங்க. அப்படியே எழுதிக்கலாமா?" என்று கேட்டார். "எனக்கு அதுல சந்தோஷம்தான். எங்க மாதிரி ஆளுங்க பொறக்கவே கூடாதுனு தீர்ப்பு எழுதற வேலை எனக்குப் பிடிக்காத வேலை."

பின்னால் மதி மூச்சை இழுத்துப் பிடித்தது தென்னவனுக்குக் கேட்டது. அவன் மேஜையைப் பார்த்தபடியே பேசத் தொடங்கினான்.

"பத்தாவது பரீட்சை ஏப்ரல்ல வச்சாங்க. மூணாவது பரீட்சைல மயங்கி விழுந்துட்டேன். நாலாவதுக்குப் போகல. வீட்ல படிப்பு ஏறலனு சொல்லிட்டேன். கணக்குல நான் பள்ளிக்கூடத்துலயே முதல் ஆள். இருபத்தாறு வயசுல ஒருதரம் வெயில்ல சுருண்டு விழுந்து நாலு நாள் நினைவில்லாம ஆஸ்பத்திரில கெடந்தேன். மெஷின் சாமான் வாங்கக் காரைக்கால் போயிருக்கறதா கூட்டாளி வீட்ல சொல்லி வச்சிருந்தான், முழிச்சப்புறம் நானும் அதையே சொன்னேன். மூணு எடத்துல பொண்ணு பாத்தாங்க. எனக்குப் பிடிக்கலனு வீட்ல சொன்னேன். எனக்கு மூணு பேரயும் பிடிச்சிருந்துது. ஒரு பொண்ணு நல்ல பொண்ணு. சரின்னுதான் சொல்லுச்சு. கல்யாண போட்டோவுல மட்டும் சிரிக்காம இருக்க முடியுமானு கேட்டுச்சு. அதுக்கப்புறம் நான்தான் வேணாம்னுட்டேன். அதுலேர்ந்து வாயத் தெறந்து சிரிக்கறதில்ல. என் வாழ்க்க வாழ முடியாத வாழ்க்க இல்லீங்க. வாழ்ந்துட்டேன். ஆனா நான் வாழ்ந்தது ஐஸ் ரூமுக்குள்ள. அந்தப் புள்ளைக்கு அந்த ரூமும் பத்தாது, வெளில அவ்வளவு வெயில்."

பின்வரிசையைத் திரும்பிப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை.

கிரிதரன் கோப்பைப் புரட்டினார். "கடைசிக் கேள்வி. உங்க தாய் வயித்துல நீங்க இருந்தப்ப இந்தச் சிகிச்சை கிடைச்சிருந்தா, அவங்க ஏத்துக்கிட்டிருக்கணும்னு நினைக்கறீங்களா?"

"அந்தக் காலத்துல இதெல்லாம் ஏதுங்க..."

"இருந்துது. பதினாலாவது பக்கம். நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க." அவர் குரலில் கடுமை இல்லை, இரக்கம்கூட இருந்தது. "ஆமாவா, இல்லையா? அவங்க பண்ணினது சரியா, தப்பா?"

தென்னவன் திரும்பிப் பார்த்தான். அம்மா அழவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சுப்போட்டி மேடையில் வரி மறந்து நிற்கிற பிள்ளையைப் பார்க்கிற தாயின் பார்வை. சொல்லு, சொல்லிடு என்று அவள் தலை லேசாக அசைந்தது. அவளுக்கு எதுவும் புரியவில்லை என்றுதான் அவன் நினைத்தான்.

"ஏத்துக்கிட்டிருக்கணும்" என்றான். "அம்மா பண்ணினது தப்பு."

ஒரு மணி நேரத்தில் அனுமதி வந்துவிட்டது. மறுநாள் காலை பத்து மணிக்கு முதல் ஊசி. மதி அண்ணனின் தோளில் முகத்தைப் புதைத்து விம்மிவிட்டு, படிவங்களில் கையெழுத்துப் போட அகிலனோடு மாடிக்குப் போனாள். அம்மா கேன்டீனில் இருப்பதாகச் சபீனா சொன்னாள்.

சுகந்தி ஒரு மூலையில் உட்கார்ந்து, ஒரு தட்டு இட்லியைச் சாம்பாரில் நன்றாகக் குழைத்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் தட்டை அவன் பக்கம் தள்ளினாள்.

"சாப்புடு. காலைலேர்ந்து பட்டினி."

"அம்மா, நான் அங்க சொன்னது..."

"சாப்புட்டுட்டுப் பேசு."

அவனுக்கு இறங்கவில்லை. இரண்டு வாய் விழுங்கிவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தான். "அந்தப் பேப்பர் இத்தன வருஷம் கழிச்சு எப்படிம்மா கிடைச்சுது அவங்களுக்கு? அந்த ஆஸ்பத்திரியே இப்ப இல்லையாம்."

"நான்தான் குடுத்தேன்."

தென்னவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"அந்தப் பொண்ணு சபீனா போன வாரம் வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் சொல்லுச்சு. கடைசிக் கேள்வியயும் சொல்லுச்சு. பேப்பர் வேணும்னு அது கேக்கல. நானாத்தான் பீரோலேர்ந்து எடுத்துக் குடுத்தேன். நீ அங்க போயும் சிரிச்சு மழுப்பிட்டு வருவேனு எனக்குத் தெரியும்டா. என் மனசு நோவும்னு, நான் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லிட்டு வந்துடுவே. பொறந்ததுலேர்ந்து அதத்தானே பண்றே. பேப்பர் முன்னால இருந்தா பொய் சொல்ல முடியாதுல்ல."

"உனக்குத் தெரியுமா? நான் சொன்னது எல்லாம் பொய்னு?"

"அந்தக் காரைக்கால் தெரியும். ரெண்டாம் நாளே எனக்கு ஆள் வந்து சொல்லிட்டாங்க. அதுலேர்ந்து வார்டுக்கு வெளிலதான் உக்காந்திருந்தேன். நீ கண்ணு முழிச்சதும் வீட்டுக்கு வந்துட்டேன்." அவள் புடவைத் தலைப்பால் மேஜையைத் துடைத்தாள். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. "பொண்ணு விஷயம் தெரியாது. நெசமாவே பிடிக்கலனு நெனச்சுட்டேன்."

கேன்டீனில் யாரோ டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். அம்மா அது முடிகிறவரை காத்திருந்தாள்.

"ஏம்மா போகல?" என்று அவன் கேட்டான். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்ததுதான் வாயில் வந்தது.

"பெரியவன் வயித்துல இருந்தப்ப, வளைகாப்பு முடிஞ்சு மூணாம் நாள் ஆத்தைத் தாண்டினேன். எங்க அப்பாவுக்கு முடியலனு சிதம்பரத்துக்கு ஓடினேன். எல்லாரும் வேணாம்னாங்க, கேக்கல. புள்ளைக்குப் பல்லே முளைக்கல, காய்ச்சல்ல போயிடுச்சு. நான் ஆத்தைத் தாண்டினதாலதான்னு சொன்னாங்க. யாரு சொன்னா என்ன, நானே அப்படித்தான் நம்பினேன். உனக்கு ஊசி போட வண்டி அனுப்பினாங்க. ஏறி உக்காந்துட்டேன்டா. பாலம் வரைக்கும் போயிட்டேன். அங்க வந்ததும் பெரியவன் மூஞ்சி கண்ணு முன்னால வந்துடுச்சு. இவனயும் கொல்லப் போறியானு யாரோ கேக்கற மாதிரி இருந்துச்சு. வண்டிய நிறுத்தச் சொல்லி எறங்கிட்டேன். கூட வந்த நர்ஸ் நீட்டின பேப்பர்ல அந்தப் பாலத்து மேலயே கையெழுத்துப் போட்டேன், ஒரு நகல எங்கிட்டயே குடுத்துட்டுப் போனாங்க."

அவனுக்குக் கண் எரிந்தது. அவன் உடம்பில் கண்ணீரும் குறைவுதான், எரிச்சலோடு நின்றுவிடும். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். அது சில்லென்று, நன்றாக வியர்த்திருந்தது.

"அப்ப நீ உள்ள ஓயாம உதைச்சே" என்றாள் சுகந்தி. "அம்மா எறங்கிட்டா, நாம பொழச்சோம்னு நீ சந்தோஷத்துல குதிக்கறேனு நெனச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு நடந்து வந்தேன்."